வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டுத் திரிந்த வருஷம்

கல்லூரிக் கடைசி வருஷத்தில், வேலைவாய்ப்பைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர் எங்கள் வேதியியல் வகுப்பிடம் ஆளுக்கு ஒரு திட்டம் எழுதிவரச் சொன்னார். என்ன வேலை, எந்த ஊர், எப்போது விண்ணப்பம், அதற்கு என்ன தயாரிப்பு, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பாதிப் பேர் அன்றைக்கே போனைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. வேலை என்பது ஒரு மனுஷருக்கு உண்மையில் எப்படித்தான் வந்து சேர்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

அதனால் கண்ணில் பட்டவர்களை எல்லாம் பிடித்துக் கேட்க ஆரம்பித்தேன். சிவகாசி பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே, "டிரைவர் வேலைக்குத்தான் போனேன். பார்வை சரியில்லன்னு இங்கன தள்ளிட்டாக" என்றார். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை அக்கா, நகல் எடுக்க வந்த இடத்தில் மெஷினில் சிக்கிய பேப்பரை உருவிக் கொடுத்து, அப்படியே வேலைக்குச் சேர்ந்தவராம். பாஸ்புக் பதிந்து கொடுத்த வங்கிக்காரர் மட்டும், "பரீட்சை எழுதுனேன், வேற என்ன? அடுத்த ஆளு வாங்க" என்று எரிந்து விழுந்தார். யார் கதையும் அந்த ஒரு பக்கத் திட்டத்துக்குள் அடங்குவதாக இல்லை. அதுவே எனக்கு ருசியாக இருந்தது.

வீட்டில் அம்மாவையும் விடவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிற அறையில் அம்மாவுக்கு வேலை. மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்துதான். காய்ச்சலுக்கு விழுங்குவதெல்லாம் மாத்திரை. அம்மா சோறு வடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"வேன் வந்துச்சு, ஏறுனேன்."

"எங்கயாச்சும் தேடுனியா? யாருகிட்டயாவது கேட்டியா?"

"எதுக்குத் தேடணும்? அதுதான் தெருமுக்குல வந்து ஆரன் அடிக்குதுல்ல."

யோசித்துப் பார்த்தால் எங்கள் தெருவில் யாருமே வேலை தேடியதில்லை. வேலைதான் ஆளைத் தேடி வரும். தீபாவளி முடிந்து ஆலை மறுபடி திறக்கும்போது போர்மேன் வீடு வீடாக வந்து கூப்பிடுவார். வரவில்லை என்று சொல்வதற்குத்தான் காரணம் தேட வேண்டும். இதையெல்லாம் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, "கதை நல்லாருக்கும்மா, திட்டம் எங்க?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆனால் வேலை விஷயம் எனக்கு விளையாட்டில்லை. "நீ வேலையில சேந்தன்னைக்கு நான் வேன்ல ஏறுறத விட்டுருவேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். எங்கோ ஓர் ஆலையில் விபத்து என்று செய்தி வரும் நாளில், மருந்துப் பக்கம் கொண்டுபோகக் கூடாத அம்மாவின் போன் ஆலை வாசல் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். சாயங்காலம் வேன் வந்து, அதிலிருந்து அம்மா இறங்குவதைப் பார்க்கும்வரை தெருமுக்கை விட்டு நகர மாட்டேன். அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. எப்படியாவது சீக்கிரம் ஒரு வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிஜமான திட்டம்.

மதுரை போகிற வழியில் ஒரு பெயின்ட் கம்பெனியின் லேபுக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்து கிளம்பினேன். அம்மா லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். நைலான் உரசினால் பொறி வரும் என்று ஆலைக்குப் போகிறவர்கள் பருத்திதான் உடுத்துவார்கள். அன்றைக்கு எனக்கும் பருத்திச் சுடிதாரைத்தான் தேய்த்து வைத்திருந்தாள்.

கேட்டில் பேர் எழுதியதும், யாரும் கேட்காமலே போனை எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். அலுவலகப் படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று கதவின் இரும்புக் கைப்பிடியை ஒரு முறை அழுத்தித் தொட்டேன். ஆயுத பூஜைக்கு அம்மாவின் ஆலைக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான் நுழைந்திருக்கிறேன். கம்பெனி என்றால் அப்படித்தான் நுழைய வேண்டும் என்று என் கைகால்கள் தாமாகவே முடிவு செய்துவிட்டன. உள்ளே ஷூ போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் என் வெறுங்காலைப் பார்த்தார்கள். நான் அவர்கள் ஷூவைப் பார்த்தேன். ஷூ தரையில் உரசினால் பொறி வருமே, இவர்களுக்குப் பயமே இல்லையா என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது.

தேர்வு நடத்திய பெண் வந்து, "எல்லாரும் போனை எடுங்க. போர்டுல இருக்குற க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணா கேள்வி வரும். நேரம் முடிஞ்சா தானா மூடிக்கும்" என்றார்.

கேட்டுக்கு ஓடினேன். அம்மா அங்கே இல்லை.

"உங்க அம்மாவா?" என்று வாட்ச்மேன் கேட்டார். "அந்தா அந்த டிரம்முல தீ படம் போட்டிருக்குல்ல, அதப் பாத்தாக. 'அண்ணாச்சி, போன வச்சுக்கிட்டு இங்கன நிக்கலாமா'ன்னு கேட்டாக. தாராளமா நில்லுங்கன்னேன். நம்பல. ரோட்டத் தாண்டி அங்கிட்டுப் போயிட்டாக."

நாலுவழிச் சாலை. வெயிலில் வெறுங்காலோடு ஓடினேன். டீக்கடை, பஞ்சர் கடை எல்லாவற்றையும் தாண்டி, மூடிக்கிடந்த ஒரு கடையின் நிழலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். போனை அணைத்து, கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"என்ன புள்ள, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

போனைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப ஓடினேன். போன் உயிர் பெறுவதற்கே ஒரு யுகம் ஆனது. சில கேள்விகளைத் தொட்டிருப்பேன், திரை மூடிக்கொண்டது. நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாரிம்மா, மறுபடி திறக்க முடியாது" என்றார். அவர் குரலில் கேலி இருந்திருந்தால் அவர்மேல் கோபப்பட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் மொத்தக் கோபமும் அம்மாமேல் திரும்பியது.

"நீ வராமலே இருந்திருக்கலாம்" என்று பஸ்ஸில் சொன்னேன்.

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். விருதுநகரில் இறங்கி அடுத்த பஸ் மாறினோம். போனை அவளிடம் கொடுத்தது நான்தான் என்பது திருத்தங்கல் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. "பசிக்குதாம்மா?" என்று கேட்டேன். "வீட்டுக்குப் போயி சாப்பிடுவோம்" என்றாள். எங்கள் வீட்டில் சமாதானம் என்பது அம்புட்டுத்தான்.

அடுத்த நாளே அம்மா வேனில் ஏறிவிட்டாள். நான் மறுபடி கேட்டுத் திரிய ஆரம்பித்தேன். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் பையிலிருந்து மிளகாய் நெடி ஏறி, எனக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. பையில் என்ன, எங்கே வேலை, எப்படிக் கிடைத்தது என்று வழக்கம்போல ஆரம்பித்துவிட்டேன். விருதுநகரில் ஒரு மசாலா கம்பெனி லேபில், மிளகாய் வற்றலின் காரத்தையும் நிறத்தையும் சோதிக்கிற வேலையாம். காரத்துக்குக்கூட அளவு உண்டு என்பதே எனக்குப் புதுசு. அங்கே இன்னும் ஓர் ஆள் தேவை என்று அவராகவே சொன்னார். போனேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன், எடுத்துக்கொண்டார்கள்.

சேதி வந்த சாயங்காலம் தெருமுக்கிலேயே நின்றேன். வேனிலிருந்து இறங்கிய அம்மாவிடம் சொன்னதும், திரும்பி டிரைவரைப் பார்த்து, "நாளையிலருந்து எனக்காக நிக்காதீக" என்றாள். டிரைவர் கிண்டல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

மறுநாள் அம்மா அதே நேரத்துக்கு எழுந்து, அதே நேரத்துக்குச் சோறாக்கிவிட்டு, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். வேன் வந்து ஆரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போன சத்தம் கேட்டது. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள, ஒன் போன்ல தேடுனா எனக்கு ஏதாச்சும் வேலை வருமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் எல்லோரையும் துருவித் துருவிக் கேட்ட நான், அம்மாவுக்கு என்ன வேலை பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"என்ன மாதிரி வேலைம்மா?"

அம்மா யோசிக்கவே இல்லை.

"பேசிக்கிட்டே பாக்குற வேலை. மருந்து ரூமுல பேசுனா கவனம் செதறும்னு இம்புட்டு வருசமா வாயே தொறக்கல, தாயீ."