மாமா கண்டுபிடித்த மலை

அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவுக்கு வாரம் ஒரு யோசனை வரும். பெரும்பாலும் அது கைக்காசோடு போய்விடும். உயிரோடு விளையாடியது குதிரை யோசனை ஒன்றுதான்.

கொடைக்கானலிலிருந்து ஒரு வயதான வெள்ளைக் குதிரையை வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார். தெருவில் தறிச்சத்தம் நின்று, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். "மலை, பள்ளத்தாக்கு வழியே இயற்கை எழில் கொஞ்சும் குதிரைச் சவாரி" என்று பலகைகூட எழுதி வைத்திருந்தார். காஞ்சிபுரத்தில் மலை ஏதுப்பா என்று அப்பா கேட்டார். மாமா அசரவில்லை. தாமல் ஏரிக்கரைதான் மலையாம். மதகுக்குப் பக்கத்தில் வயலுக்கு இறங்கும் சரிவுதான் பள்ளத்தாக்காம்!

விளம்பரத்துக்குப் படம் வேண்டுமென்று, ஒன்பது வயதான என்னைப் பட்டுப்பாவாடையில் அழைத்துப்போனார். கூடவே அம்மாவும் வந்தாள், குதிரையைப் பார்க்க அல்ல, தம்பியைக் கண்காணிக்க. குதிரைமேல் ஏற்றி உட்கார வைத்ததும் எனக்கு மூச்சே நின்றது. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், மறுபக்கம் எங்கோ கீழே பச்சை வயல், அதில் கொக்குகள். மலை என்று மாமா சொன்னது பொய்யில்லை என்றே பட்டது.

"ஆடாம உக்காரும்மா, மாமாவப் பாத்து சிரி" என்று கயிற்றை விட்டுவிட்டு செல்போனில் படம் எடுத்தார். எடுத்து முடித்ததும், சமர்த்தாக நின்றதற்காகக் குதிரையின் பின்புறத்தில் செல்லமாக இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான், குதிரை கிளம்பிவிட்டது.

முதலில் நடந்தது. மாமா துரத்தவும் ஓடத் தொடங்கியது. அந்தப் பக்கம் கரை போய் முடிகிற இடத்தில் பெங்களூர் நெடுஞ்சாலை, ஓயாத லாரிகள்.

"டேய், புடிடா! ரோட்டுக்குப் போய்க்கினு இருக்குதுடா!" என்ற அம்மாவின் அலறல் பின்னால் தேய்ந்துகொண்டே வந்தது. நான் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். காமாட்சியம்மனுக்கு மொட்டைகூட வேண்டிக்கொண்டேன், மாமாவின் தலையை.

ஒரு லாரியின் ஹாரன் காதைப் பிளந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கடிவாளத்தை இழுத்தேன். திறந்தபோது சாலை எனக்கு முதுகுப்பக்கம் இருந்தது. குதிரை வந்த வழியே சாவகாசமாகத் திரும்பி நடந்துகொண்டிருந்தது. அப்பாடா!

அம்மா என்னை இறக்கி, முதுகில் ஓர் அறை வைத்து, அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாம்மா திருப்பினேன்" என்றேன்.

"எம்பொண்ணு கெட்டிக்காரி, அதனால நீ பொழச்சே. இல்லன்னா இன்னையோட நீ எனக்குத் தம்பியே இல்லடா" என்றாள் அம்மா. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே வேகவேகமாகத் தலையாட்டினார்.

அந்த வாரமே குதிரை கொடைக்கானலுக்குத் திரும்பியது. மாமாவுக்கு மொட்டை போட்டோம். சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அம்மா என் வீரத்தைச் சொல்லாமல் விட்டதில்லை.

போன மாதம் என் மகளோடு கொடைக்கானல் போயிருந்தேன். குதிரைக்காரர் அவளை ஏற்றி, படம் எடுத்து, குதிரையின் பின்புறத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். குதிரை அவளோடு தனியாகக் கிளம்பியதும் எனக்கு உயிரே போய்விட்டது.

"பயப்படாதீங்க. தட்டினா போகும், ரவுண்டு முடிஞ்சா அதுவா திரும்பிடும். அடிச்சாலும் அதுக்கு மேல ஓர் அடி வைக்காது" என்று அவர் டீயை ஊதிக் குடித்தார். சொன்னபடியே வளைவில் அது திரும்பியது. மகள் கையசைத்தாள்.

அங்கிருந்தே மாமாவுக்குப் போன் போட்டேன். "அந்தக் குதிரைய நான் திருப்பல மாமா."

"தெரியும்மா. வித்தவன் அப்பவே சொல்லித்தான் குடுத்தான். நீ மேல இருக்கசொல்ல அதெல்லாம் எங்க ஞாபகம் வருது? பரவால்ல, நீ திருப்பினதாவே இருக்கட்டும். உங்கம்மா அதனாலதான் இன்னும் எங்கூட பேசிக்கினு இருக்குது."

அன்று அவர் அத்தனை வேகமாகத் தலையாட்டியது என் வீரத்தை மெச்சித்தான் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.