சாமித்தட்டில் ஏறிய அயர்லாந்துக்காரி

கண்ணாடி போடாமல் நான் செய்த வேலைகளில் இதுதான் பெரியது.

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் பியோர்ண்டாலில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு தாள் கிடந்தது. கல்லில் செதுக்கிய ஒரு பெண்ணின் படம். பெரிய தலை, முழித்த கண், இரண்டு கையும் வயிற்றுக்குக் கீழே. மனைவி கோயிலிலிருந்து கொண்டுவந்த அம்மன் படமாக்கும் என்று எடுத்துச் சாமித்தட்டில் வைத்தேன். நெற்றியில் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

மகள் வந்து தேடினாள். "அப்பா, இஞ்சை இருந்த பேப்பர் எங்கை?"

"சாமித்தட்டிலை."

போய்ப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அது நான் டாட்டூ குத்தப்போற படம். அயர்லாந்திலை பழைய தேவாலயச் சுவர்களிலை இருக்கிற பொம்பிளை. ஷீலா நா கிக் எண்டு சொல்லுவினம்."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கைகள் எதை விரித்துக் காட்டுகின்றன என்று தெரிந்ததும் கழற்றிவிட்டேன். தேவாலயச் சுவரில் இதை ஏன் வைத்தார்கள் என்று மகளிடம் கேட்டேன். கெட்டதை விரட்டவாம், பிள்ளைப்பேற்றுக்காம், பாவத்தைக் காட்டவாம். ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். ஓய்வுபெற்ற வயதில் இது எனக்குத் தேவையா?

"எங்கை குத்தப்போறாய்?"

அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். போன வருடம் கர்ப்பப்பையை எடுத்த தழும்பு அங்கேதான் இருக்கிறது. அன்று நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் கோப்பி மெசினுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. தகப்பன் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கம் வேறு.

"நாளைக்கு என்னோடை வாறீங்களோ? அம்மாவுக்கு வேலை."

கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று இன்னும் பிடிபடவில்லை. "ஓம்" என்றுவிட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் போனோம். பச்சை குத்தும் பெண் தாளைப் பார்த்து, நெற்றியில் இந்தச் சிவப்பு என்ன என்று கேட்டாள். அது தெரியாமல் பட்டது, விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள். அதையும் சேர்த்துக் குத்தச் சொன்னாள், அப்பா வைத்தது என்றாள்.

ஊசி இரையத் தொடங்கியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், கடைசியில் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நோகுதோ, பிள்ளை?"

"இப்ப இல்லை. போன வருசம்தான் நொந்தது, அப்பா" என்றாள்.