பின்வரிசைக் கிணறு

கூட்டத்தில் பேச எனக்கு வராது. எழுந்து நின்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் என்னைக் குடியிருப்புக் கமிட்டியில் போட்டார்கள் என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்பு படித்தவன், கையெழுத்து அழகு, யாரோடும் சண்டைக்குப் போகமாட்டான். தேயிலை பாக்டரியில் ஷிப்டு முடிந்ததும் நோட்டுடன் போய் ஓரமாக உட்காருவேன். யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வேன்.

சித்திரபுரத்துக்கு மேலே இருக்கிறது எங்கள் எஸ்டேட். வேலை இருக்கும்வரைதான் எஸ்டேட் கொடுக்கும் லயத்து வரிசையில் வீடு. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். அப்படிக் காலி செய்ய வேண்டியவர்களுக்காக ரோட்டோரம் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. மாட்டு முதுகு மாதிரி இரண்டு பக்கமும் சரியும் நிலம். ரோட்டை ஒட்டிய முன்வரிசை வீடுகளை வசதியுள்ளவர்கள் முழு விலை கொடுத்து எடுத்துக்கொள்வது, அந்தப் பணத்தையும் சேர்த்துப் பின்வரிசையில் எஸ்டேட்காரர்களுக்குச் சின்ன வீடுகள் கட்டுவது என்று திட்டம் போட்டார்கள். முன்வரிசை இல்லையென்றால் பின்வரிசையும் இல்லை.

முன்வரிசையில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர், சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுபவர். முதல் கூட்டத்திலேயே அவர் சொல்லிவிட்டார்.

"வாழப் போற எடம். நாளைக்கு வில்லங்கம், தோஷம்னு ஏதாச்சும் காதுல விழுந்துச்சு, குடுத்தத வாங்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

வாங்க வந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நிலத்தைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும்.

லயத்தில் என் பக்கத்து வீட்டில் இருந்தவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெருமழையில் அவர் மனைவி இறந்துபோனார். எங்கள் இடுகாடு ஓடைக்கு அக்கரையில் இருக்கிறது. அன்று ஓடைப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இரண்டு நாள் காத்திருந்தோம். மழை விடவில்லை. கொழுந்து கிள்ளும்போது இடுப்பில் கட்டும் நீலப் பிளாஸ்டிக் படங்கிலேயே அத்தையைச் சுற்றி, நான்கு பேர் தூக்கிப் போய் இதே ரோட்டோரச் சரிவில், ஒரு கொய்யா மரத்தடியில் புதைத்தோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, இடத்தைச் சொல்லவும் இல்லை. தூக்கிய நால்வரில் ஒருவர் செத்துப்போனார், ஒருவர் தேனிப் பக்கம் போய்விட்டார். மிச்சம் மாமாவும் நானும்தான்.

மாமா இருந்த வீடு அவர் மகன் பெயரில் இருந்தது. மகன் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டதால் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பின்வரிசைப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

வரைபடம் வந்த அன்று கொய்யா மரத்தைத் தேடிப் பார்த்தேன். மரம் இருந்த இடத்தில் ஒரு சதுரம் போட்டு, 'கக்கூஸ் குழி, பின்வரிசைக்குப் பொது' என்று எழுதியிருந்தது.

மாமாவிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வெளிய சொல்லாத மருமகனே. சொன்னா முன்வரிசைக்காரனுவ ஓடிருவானுவ. பத்து வீட்டுக் கஞ்சியில மண்ணு விழுந்துரும். குழிய மட்டும் அந்தப் பக்கம் தள்ளச் சொல்லு. அவ மேல அது வேண்டாம்."

"என்னன்னு சொல்லித் தள்ளச் சொல்ல?"

"நீ படிச்சவன்லா."

சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று எல்லாரும் வந்திருந்தார்கள். பெண்கள் கோட்டுக்குள் நின்று, "இது என் அடுப்பங்கரை, செருப்பக் கழத்திட்டு வாங்கடி" என்று கேலி பேசிச் சிரித்தார்கள். வீடு கட்ட வந்த ஓவர்சியர் மலையாளி. டேப்பைப் பிடித்துக்கொண்டு கொய்யா மரத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சார், இங்க குழி வேண்டாம்."

"அதெந்தா, ஏன்?"

"இங்க... ஊத்து இருக்கு சார்."

எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. என் வாழ்க்கையில் கூட்டத்துக்கு நடுவே நான் சொன்ன முதல் சொல் ஒரு பொய்.

ஓவர்சியர் டேப்பைக் கீழே விட்டார். "ஊத்தோ? எடோ, அது நேரத்தே பறயண்டே!" முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னைக் கடிந்துவிட்டு எல்லோரையும் கையசைத்துக் கூப்பிட்டார். "கேட்டோ, இங்க வெள்ளம் உண்டு, குடிதண்ணி. கக்கூஸ் குழி அந்தச் சரிவுக்குப் போகட்டும். இங்க கிணறு எடுக்கலாம். ரெண்டு வரிசைக்கும் ஒரே கிணறு."

பெண்கள் கைதட்டினார்கள். மாசி பங்குனியில் தண்ணீருக்கு மலை இறங்குகிறவர்கள். ஜீப்காரர் என் தோளில் தட்டி, "ஊமையா இருந்துட்டு ஊத்தக் காட்டிட்டீங்களே அண்ணாச்சி" என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மாமாவிடம் சொல்லும்போது அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். மாற்றிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள் என்றார். பிறகு, "எத்தன அடி தோண்டுவாவ?" என்று கேட்டார்.

"முப்பதுங்காங்க."

"நாம தோண்டுனது நாலு கூட இருக்காது. மழையில்லா." அப்புறம், "முத மண்ண நான் எடுக்கேன்னு சொல்லு. வயசாளி எடுத்தா ஊத்து வத்தாதாம்னு சொல்லு" என்றார்.

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஆனால் எல்லோரும் நம்பி, முதல் நாள் தோண்டலை எங்களிடமே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் நாங்கள் இருவர் மட்டும் தோண்டினோம். மத்தியானத்துக்குள் நீலம் தெரிந்தது. மண் எல்லாவற்றையும் தின்றிருந்தது, படங்கை மட்டும் தொடவில்லை. நேற்று கட்டியதுபோல மடிப்புக்கூட இருந்தது. மாமா மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் எடுக்க ஆரம்பித்தார். நானும் கையால் எடுத்தேன். கிடைத்த எலும்பைக் கொழுந்துச் சாக்கில் போட்டோம். ஒரு பக்கம் மட்டும் கொய்யா வேர் துளைத்துப் படங்கு கிழிந்து, உள்ளே இருந்தது மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மேற்கே கறுத்து, மழை இறங்கி, அந்தப் பக்கத்துக் கரை இடிந்து விழுந்தது. மாமாவை இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

சாக்கோடு ரோட்டில் நின்றோம். இப்போது ஓடைக்குப் பாலம் இருக்கிறது, இடுகாட்டுக்கு நடந்தே போகலாம். ஆனால் மழை. அப்போதுதான் ஜீப் வந்து நின்றது.

"ஏறுங்க ரெண்டு பேரும். என்ன தாத்தா மூட்டையில, பொதையலா?"

"ஆமாப்பா."

"அப்ப எனக்கும் ஒரு பங்கு."

மாமா சிரித்தார். சாக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாலத்தடியில் இறக்கிவிடும்வரை ஜீப்காரர் தன் புது வீட்டு முற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். வண்டி நிறுத்தத் தோதாக நிரவ வேண்டுமாம், மண்தான் போதவில்லையாம். மழையிலேயே அக்கரையில் குழி வெட்டி அத்தையை வைத்தோம்.

அடுத்த நாள் எனக்குக் காலை ஷிப்டு. மாமா காய்ச்சலில் படுத்திருந்தார். நான் வருவதற்குள் கிணறு வெட்டும் ஆட்கள் இறங்கி, இடிந்து கிடந்த மண்ணையெல்லாம் அள்ளி மேலே ஏற்றியிருந்தார்கள். அதை எங்கே கொட்டினார்கள் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. ஜீப்காரர் தன் முற்றத்தில் நின்று, சிவந்த மண்ணைக் காலால் மிதித்து நிரவிக்கொண்டிருந்தார். ஓர் ஓரத்தில் நீலமாக ஒரு துணுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்க்காத நேரம் அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் அந்த மண்ணில் எதைத் தேடுவது?

இருபத்தைந்து அடியில் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். பருப்பு சீக்கிரம் வேகிறது என்கிறார்கள். இரண்டு வரிசையும் வந்து எடுக்கிறது. நான் வேலையில் இருப்பதால் இன்னும் லயத்தில்தான் இருக்கிறேன். பின்வரிசைக்குக் குடிபோன மாமாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஜீப் முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓரமாகப் போவேன். இருந்தும் பாதத்துக்கு அடியில் மண் சற்று அமுங்குவதுபோல இருக்கும். அங்கே கல் பதித்து ஒரு வருஷமாகிறது, அமுங்க வழியில்லை.

போன வாரம் மாமா கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"அன்னைக்கு எல்லாத்தையும் எடுத்துட்டோமாய்யா?"

மேலே ஜீப்காரரின் பிள்ளைகள் முற்றத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துட்டோம் மாமா" என்றேன். இந்த முறை தொண்டை அடைக்கவே இல்லை.