பீப்பாய்த் தண்ணீரில் ஓடிய எஞ்சின்

தையல் படிக்கத்தான் போனேன். எங்கள் ஊரான உயிலங்குளத்தில் நான் ஏறிய பஸ், மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்து இராணுவக் காவலரணோடு நின்றுவிடும். எல்லாரும் இறங்கி, பைகளைத் திறந்து காட்டிவிட்டு நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். காற்று சட்டையைப் பிடித்து இழுக்க, தண்ணீரின் மேலேயே நடப்பதுபோல் இருக்கும். அன்றைக்குச் சோதனை நீண்டுகொண்டே போனது. தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த பயிற்சி நிலையத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தையல் வகுப்பு நிறைந்துவிட்டது.

"படகு எஞ்சின் திருத்துற வகுப்பிலதான் இடமிருக்கு. விருப்பமோ?" என்று பொறுப்பாயிருந்த சிஸ்டர் கேட்டார்.

ஓம் என்றேன். வெறுங்கையோடு திரும்பிப் போக மனமில்லை.

அம்மாவிடம் சில நாள் கழித்துத்தான் சொன்னேன். கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் அவள். "மெசினுன்னா தையல் மெசினுன்னுல்ல நெனச்சேன்!" என்று சிரித்தாள். "சரி, கத்துக்க. வேலைன்னா வேலதான்."

வகுப்பில் பெண்கள் இரண்டு பேர்தான்: நானும், கரையூர்ப் பிள்ளை ஒருத்தியும். அந்தச் சண்டை நாட்களில் கடலுக்குப் போக இராணுவத்தின் பாஸ் வேண்டும். பல வாரங்களுக்கு அதுவும் கிடையாது. படகுகள் மணலில் கவிழ்ந்து கிடக்க, நாங்கள் உள்ளே எஞ்சின் கழற்றிப் பூட்டப் பழகினோம். பெற்றோல் கொஞ்சம்தான் கிடைக்கும். அது கிடைக்கும் நாளில், எஞ்சினைப் பீப்பாயின் விளிம்பில் பூட்டித் தண்ணீருக்குள் ஓடவிடுவோம். பக்கத்துத் துளையால் நூல்போலத் தண்ணீர் பீச்சும். அது வந்தால் எஞ்சின் சூடாகாமல் ஓடுகிறது என்று அர்த்தம். வெயில் பட்டு அந்த நூல் மின்னும்போது வகுப்பில் எல்லாரும் பீப்பாயைச் சுற்றிக் கூடிவிடுவோம். மற்ற நாட்களில், சாக்கில் பரப்பிய பாகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துப் பெயர் சொல்வேன். பனையோலைகளின் சரசரப்பில் எனக்கு அரைத் தூக்கமாக இருக்கும்.

ஒரு பின்னேரம், கரையிலிருந்து ஓர் அக்கா தள்ளுவண்டியில் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தார். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. படகு மட்டும் ஒதுங்கியிருக்கிறது. எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து இறுகிப்போயிருந்தது.

"விக்கப் போறியளோ, அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. ஒருக்கா ஓடவிட்டுக் காட்டுங்கோ. சத்தத்தைக் கேக்கோணும்."

நாங்கள் இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டோம். பிளக்கைக் கழற்றி, துளைக்குள் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம். நாள்தோறும் காலையில் கயிற்றை இழுத்துப் பார்ப்போம், அசையாது. ஒருநாள் கொஞ்சம் இளகியது. பிறகு ஒவ்வொரு பாகமாகக் கழற்றி உப்பைச் சுரண்டித் துடைத்துப் பூட்டினோம்.

அக்கா வந்தார். சிஸ்டர் போத்தலில் பெற்றோல் தந்தார். நான் கயிற்றை இழுக்க இழுக்க இருமிக்கொண்டிருந்த எஞ்சின், திடீரென்று பிடித்துக்கொண்டது. பீப்பாயே அதிர்ந்தது. அக்கா பயந்து பின்னால் போனார். பிறகு கிட்ட வந்து பீப்பாயில் கையை வைத்தார்.

"இவ்வளவு சத்தமோ!" என்றார். "நான் எழும்பிப்போடுவன் எண்டு அவர் படகைத் தூரத் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் பண்ணுறவர். எனக்கு நித்திரைக்குள்ள வண்டு இரையிற மாதிரித்தான் கேக்கும்."

நிறுத்தவா என்று நாங்கள் கேட்கவில்லை. பெற்றோல் முடியும்வரை ஓடவிட்டோம். அக்கா சிரித்துக்கொண்டே அழுதார்.

பயிற்சி முடிந்து சான்றிதழ் தந்தார்கள். கடலோ திறக்கவில்லை. கற்ற தொழிலைச் செய்யக் கடலும் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. சண்டை ஓய்ந்திருந்த காலம் வந்த பிறகே நாங்கள் இரண்டு பேரும் கரையில் ஓலைக்கொட்டில் போட்டோம். வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று தயங்கினார்கள். அந்த எஞ்சினோடு தன் தம்பியைக் கடலுக்கு அனுப்பத் தொடங்கியிருந்த அக்காதான், "இவையிட்டக் குடுங்கோ. எங்கடயை ஓட வைச்சவை இவைதான்" என்று சொன்னார். அதன்பிறகு வேலைக்குக் குறைவில்லை.

சண்டை மறுபடி மூண்டு கடல் மூடப்பட்டபோது கொட்டிலும் மூடியது. ஆனால் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப்களும் எஞ்சின்கள்தானே. உயிலங்குளத்தில் ஒருவர் தன் பம்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். திருத்தி, அவர் கிணற்றடியிலேயே பூட்டிக் கொடுத்தேன். காய்ந்து வெடித்திருந்த வாய்க்காலில் தண்ணீர் நுரையும் சருகுமாக மெல்ல ஊர்ந்து போனது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் வேகத்துக்கே, கூடவே நடந்தேன்.