சுந்தரம் என்ற பெயரில் கிடந்த மாலதியின் ரத்தம்

என் மகள் மாலதியின் ரத்தம் மூன்று மாதம் ஒரு மருத்துவமனைக் குளிர்பெட்டியில் கிடந்தது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நடந்த அநியாயம் இதுதான். இதே வேலையாக இங்கே வங்காளத்தில் சாந்த்ராகாச்சியிலிருந்து அலிப்பூர் மருத்துவமனைக்குப் போகிற தமிழர்களுக்காக எழுதுகிறேன்.

மாலதிக்கு எலும்பு லேசில் உடையும் நோய். பன்னிரண்டு வயதுக்குள் ஒன்பது முறிவு. பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. கர்ப்பத்தின் பதினொன்றாம் வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் தாயின் மரபணுவில் பழுது எங்கே என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ரயில்வே ஃபிட்டரான நான் இதை அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்துக்கொண்டேன். அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே ரத்தம் கொடுத்தோம். பிறகு இரண்டு முறை போன் செய்தேன். முடிவு வந்துவிடும் என்றார்கள்.

2007 ஆகஸ்டில், பதினொன்றாம் வாரம், காலை 7.40க்கு டாக்சி. மினிபஸ் குலுக்கல் அவளுக்கு ஆகாது. ஆற்றுப் பாலம் வழியாகப் பதினோரு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், 130 ரூபாய். பள்ளத்தில் மெதுவாகப் போகச் சொன்னேன். கண்ணாடிச் சாமான் ஏற்றிப் பழக்கம் என்றார் ஓட்டுநர். மாலதி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு குமாஸ்தா பழைய குழாயை எடுத்து வந்தார். மருமகன் தன் பெயர் சேர்த்துப் பதிந்த கோப்பில் 'மாலதி செந்தில்'. குழாயில் 'சுந்தரம்'. அது என் பெயர். ரத்தம் கொடுத்த அன்று அவள் கையிலிருந்த பேனாவை வாங்கிப் படிவத்தில் 'எஸ். மாலதி' என்று எழுதியவன் நான். எஸ் என்றால் என்ன என்று கேட்டார்கள், விரித்துச் சொன்னேன்; அதை மட்டும் குழாயில் எழுதிவிட்டார்கள். நம் தலைப்பெழுத்து இந்த ஊருக்குப் புரியாது. பெயர் ஒத்துவராததால் ஆய்வுக்கூடம் திருப்பி அனுப்பியிருக்கிறது.

"கர்ப்பம் யாருக்கு மேஷோமஷாய், உங்களுக்கா?" என்று வங்காளியில் கேட்டுச் சிரித்தார் குமாஸ்தா. மேஷோமஷாய் என்றால் சித்தப்பா; மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள்.

புதிதாக ரத்தம் எடுத்தால் முடிவு வர எட்டு வாரம் என்றார் டாக்டர். அதன் பிறகு பனிக்குட நீரைச் சோதித்தாலும், பதில் வருவதற்குள் கருவைக் கலைக்கச் சட்டம் தரும் இருபது வாரக் கெடு தாண்டிவிடும். இனி ஸ்கேனில் தெரிவதுதான்.

திரும்பும்போது பாலத்தின் மேல் மாலதி சொன்னாள்.

"அப்பா, இனிமே என் பேர நானே எழுதிக்கிறேன்."

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெயர் ஒத்துவராவிட்டால் மருத்துவமனை அன்றே போன் செய்ய வேண்டும். எங்கள் எண் கோப்பிலேயே இருந்தது. முடிவு கைக்கு வந்துவிட்டதா என்று டாக்டர் முதல் மாதமே கேட்க வேண்டும். நீங்கள் போனை நம்பாமல் நேரில் போய் நிற்க வேண்டும். நெரிசலுக்கு முன், எட்டு மணிக்குள் பாலத்தைத் தாண்டிவிடுங்கள். தகப்பன் பேனாவை மகளிடமே விட்டுவிட வேண்டும்.