பட்டாளம் பாக்கு வைத்து அழைத்தது

யுத்தம் முடிந்த மறுவருஷம் மழை ஏமாற்றியது. திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊரில் கம்பும் கேப்பையும் கருகின. மூன்று மாதக் குழந்தையை வைத்திருந்த எனக்குப் பால் வற்றிவிட்டது. சப்பிப் பார்த்துவிட்டு அழுவாள்; பிறகு அழவும் தெம்பில்லாமல் கிடப்பாள்.

அப்போதுதான் அருப்புக்கோட்டையிலிருந்து பட்டாளத்து லாரி வந்து, கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சியது. வாசம் எங்கள் தெரு வரை வந்தது. ஒருவர்கூடப் போகவில்லை. நாங்கள் அன்றாடக் கூலிகள்தான். ஆனால் அழைக்காத இடத்தில் கை நனைக்க மாட்டோம். கூப்பிடாமல் போய் ஏனத்தை நீட்டுவதைவிடச் சாகலாம் என்றார் என் வீட்டுக்காரர். அந்த வீம்பு எனக்கும் இருந்தது, ஒளிப்பானேன்?

இரண்டு நாள் கஞ்சி வீணாயிற்று. இந்த ஊருக்குப் பசியில்லை போலும், நாளைக்குக் கிளம்பலாம் என்று வடக்கத்தி அதிகாரி சொல்லிவிட்டாராம். கஞ்சி காய்ச்சிய மதுரைச் சிப்பாய் கிணற்றடியில் சொல்லி வருத்தப்பட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே லாரிக்குப் போனேன்.

"லாரி கொண்டாந்தீக, அண்டா கொண்டாந்தீக. வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீகளா? கூப்பிடாம எப்படிய்யா வருவோம்?"

சிப்பாய் அதை இந்துஸ்தானியில் சொன்னார். அதிகாரி என் குழந்தையையே பார்த்தார். பிறகு வெற்றிலை பாக்கு வாங்கிவரச் சொன்னார்.

தாம்பாளம் ஏது? சோறு தின்னும் தகரத்தட்டில் அதை ஏந்தி அதிகாரியே வீடு வீடாக வந்தார். ஒவ்வொரு வாசலிலும் பூட்ஸைக் கழற்றினார். நாடாவை அவிழ்ப்பதற்குள் தெருவே கூடிவிடும். உள்ளே வராதவர் கழற்ற வேண்டியதேயில்லை. அதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

விசேஷ வீடுகளில் பந்தி முடிந்தபின் எங்களுக்கு ஆள் விடுவார்கள். பாக்கு வைத்து யாரும் அழைத்ததில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பிள்ளையத் தூக்கு, போவோம்" என்றார்.

இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதுபோல் போனோம். பெண்கள் அகப்பையைப் பிடுங்கி நாங்களே பரிமாறினோம். சிப்பாய்களையும் பந்தியில் உட்காரவைத்துவிட்டோம். அத்தனை சிரிப்பை அந்த வருஷம் நான் கேட்டதில்லை.

மறுநாள் லாரி போகவில்லை. அடுத்த அறுப்பு வரை இருந்தது. கஞ்சி குடிக்கத் தொடங்கிய நான்காம் நாள் விடியலில் என் மாராப்பு நனைந்திருந்தது. பிள்ளை முட்டி முட்டிக் குடித்தாள், புரையேறித் தும்மினாள், மறுபடி குடித்தாள். வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன்.