குத்தூசிக்குத் தப்பிய கியூபா சுருட்டு

என் மாமனாரின் கையில் குத்தூசி இருந்தது. மேசைமேல் கியூபா சுருட்டு இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. குத்தூசி என்பது நெல் மூட்டையைக் குத்தி, உள்ளே இருப்பதில் ஒரு பிடி வெளியே இழுத்துப் பார்க்கும் குழிவான இரும்பு ஊசி. மூட்டையின் வாயில் நல்ல நெல்லையும் வயிற்றில் பதரையும் வைத்துத் தைக்கிற சாமர்த்தியசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்காகவே செய்யப்பட்ட கருவி. திருக்காட்டுப்பள்ளியில் நெல் மண்டி வைத்திருந்த என் மாமனார் வேதாகமத்துக்கு அடுத்தபடியாக அதைத்தான் நம்பினார்.

சுருட்டைக் கொண்டுவந்தவன் அவருடைய ஒரே மகன், என் மைத்துனன். துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் அவனுக்கு வேலை. நாடு தாராளமயத்துக்குள் நுழைந்து பத்து வருடம் ஆகியிருக்கும். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற நான், அதன் நன்மைக்கு ஐந்து மதிப்பெண், தீமைக்கு ஐந்து மதிப்பெண் என்று ஆண்டுதோறும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தேன். அது ஓர் அலுமினியக் குழலுக்குள் படுத்துக்கொண்டு என் மாமனார் வீட்டுக்கே வந்துசேரும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

அந்த ஹோட்டலில் பணக்காரர்கள் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பதற்கென்றே ஓர் அறை இருந்தது. அவர்களுக்கு ஏற்ற சுருட்டை எடுத்து, நுனியை வெட்டி, பற்ற வைத்துக் கொடுப்பது மைத்துனனின் வேலை. இது தெரிந்தபோது மாமனார் சொன்னது: "ஊரான் சுருட்டுக்கு நெருப்பு வெக்க என் புள்ள கடல் தாண்டிப் போவணுமா? நம்ம லோடுமேன் பீடிக்கு இங்கயே வெக்கலாமே." முதல் முறை அவன் கிளம்பிய அன்று அவர் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். பையோடு வாசலில் வந்து நின்றவனை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பஸ் வந்தது, அவன் போய்விட்டான்.

இந்த முறை விடுமுறையில் வந்தபோது அவனுக்கு வேறொரு அழைப்பு வந்திருந்தது. இன்னும் பெரிய ஹோட்டல். சுருட்டுச் சரக்கு வந்து இறங்கினால் எதை வாங்கலாம், எதைத் தள்ளலாம் என்று பார்த்துச் சொல்லும் பதவி. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அப்பா வாயத் தொறந்து போன்னு சொன்னாத்தான் போவேன் மச்சான்," என்றான் என்னிடம். "போன தடவ மாதிரி இன்னொரு தடவ என்னால முடியாது. நீங்க பேசிப் பாருங்க."

ஒப்புக்கொண்டேன். படித்த மருமகனின் சொல்லுக்கு மாமனார் வீட்டில் இருக்கும் செல்வாக்கைப் பற்றி அப்போது எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மூடிய மண்டிக்குள் மூவரும் உட்கார்ந்தோம். நான் முந்தின வாரம் ஒரு பழைய பத்திரிகையில் படித்திருந்ததை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். கியூபாவின் செம்மண், நிழல் கட்டி வளர்க்கிற இலை, மாதக்கணக்கில் அதைப் பதப்படுத்துகிற விதம் எல்லாம் சொன்னேன். மாமனார் பொறுமையாகக் கேட்டார். "இதுல முக்கியம் என்னன்னா மாமா, புகைய உள்ள இழுக்கக் கூடாது. வாயில வச்சிருந்து ருசி பாத்துட்டு விட்டுடணும்."

"அப்ப கொப்புளிக்கிறதுங்கறீங்க மாப்ள."

என் சொற்பொழிவு அத்தோடு முடிந்தது.

அவர் குழலைத் திறந்து சுருட்டை வெளியே எடுத்தார். கையில் வைத்துக் கனம் பார்த்தார். காதோரம் உருட்டிச் சத்தம் கேட்டார். முகர்ந்தார். திருச்சிச் சுருட்டு பிடித்துப் பழகியவர்தான். ஆனால் அன்று அவர் பார்த்தது சுருட்டை அல்ல, சரக்கை. "ஈரம் ஜாஸ்தி. எடையில கழிவு போடாம எடுக்க முடியாது," என்று சொல்லிவிட்டு மேசைமேல் கிடத்தினார். பிறகு சுவரில் மாட்டியிருந்த குத்தூசியை எடுத்தார்.

"அப்பா!"

மைத்துனன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். பிடித்தபிறகுதான் யாருடைய கை என்று அவனுக்கு உறைத்தது. உடனே விட்டான்.

"குத்தக் கூடாதுப்பா. மேல சுத்தியிருக்கறது ஒரே இலை. கிழிஞ்சா போச்சு."

"பின்ன உள்ள என்ன இருக்குன்னு எப்படிடா பாக்குறது?"

அவன் சொன்னான். மேல் இலையின் நரம்பு எவ்வளவு மெலிதாக இருக்கிறது, எண்ணெய் மினுமினுப்பு எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டினான். கட்டை விரலால் நுனியிலிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே போனான். "தூள் இல்ல, உள்ளயும் முழு இலதான். நெல்லு மாதிரி இத காய விடக் கூடாதுப்பா. காஞ்சா காரம் ஏறி சுர்ருனு எரிஞ்சி போயிரும்." குத்தூசி மடியில் கிடக்க, மாமனார் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கவனத்தில் பாதி கிடைத்திருந்தால் எனக்குப் பத்திரிகையின் அடுத்த பக்கமும் நினைவுக்கு வந்திருக்கும்.

"சரி. ருசி?"

மைத்துனன் சுருட்டை மேசைமேல் வைத்துவிட்டான். எங்கள் பக்கத்தில் அப்பா முன்னால் மகன் புகைப்பதில்லை. பேரன் எடுத்தவர்கூட அப்பாவின் சைக்கிள் மணி கேட்டால் பீடியை மடியில் மறைத்து, வேட்டியில் ஓட்டை போட்டுக்கொள்வார். நானே சிகரெட் நெடியை மறைக்கக் கிராம்பு மென்று மென்று கிராம்பாகவே மணந்தவன்.

"கஸ்டமருங்க சொல்லுவாங்கப்பா..."

"அடுத்தவன் நாக்க வச்சு நீ சரக்கு எடுப்பியா? கடிச்சுப் பாக்காம நான் ஒரு மூட்ட நெல்லு எடுத்தது கெடையாது. ருசி தெரியாதவன் அங்க போயி என்னத்தப் பாத்துச் சொல்லுவ? அசிங்கப்பட்டு வரவா?"

தெரியும் என்றால் புகைப்பவன் என்றாகும். தெரியாது என்றால் வேலை போகும். அவன் காதுமடல் சிவந்தது. "நான் வேணா ஒரு இழுப்பு..." என்று ஆரம்பித்தேன். அப்பாவும் மகனும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள். நிறுத்திக்கொண்டேன்.

மாமனார் எழுந்தார். நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போய், வாய்க்கால் பக்கம் திறந்திருந்த கொல்லைப்புறக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"வாய்க்கால்ல தண்ணி எவ்வளவு வருதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். நீ ஒன் வேலயப் பாரு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மைத்துனனுக்கு உடனே புரிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து சின்ன வெட்டுக் கருவியை எடுத்தான். நுனியை வெட்டினான். தீக்குச்சியின் மருந்து நெடி அடங்கும்வரை பொறுத்து, சுருட்டை வாயில் வைக்காமலே முதலில் நுனியை அனலில் காட்டினான். பிறகு இழுத்தான். கனத்த புகையை, அப்பாவின் முதுகைத் தொட்டுவிடாதபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு விட்டான்.

"மொதல்ல ஈர வைக்கோலுப்பா," என்றான். "நெல்லு அவிக்கிற அண்டாவத் தொறந்தா ஒரு வாசம் வருமே, அது. பின்னாடி சுக்கு." இன்னொரு இழுப்பு. "இப்ப வறுத்த காப்பிக்கொட்ட. நாக்கு ஓரத்துல லேசா இனிக்குது." ஹோட்டலில் இதையெல்லாம் தேவதாரு, தோல் என்று ஆங்கிலத்தில் சொல்வான் என்பது எனக்குத் தெரியும். இந்த வைக்கோலையும் அண்டாவையும் அவன் அங்கே யாருக்கும் சொல்லியிருக்க முடியாது.

சட்டென்று நிறுத்தி, சாம்பலை உற்றுப் பார்த்தான்.

"ஒரு கொற இருக்குப்பா."

"என்ன?"

"ஒரு பக்கமா எரியுது. சுத்துனவன் ஒரு எடத்துல இறுக்கிட்டான். இது வெலைக்குத் தேறாது. இந்தப் பெட்டி என்கிட்ட வந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

மாமனாரின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.

"நீயே ஆசயா வாங்கியாந்து, நீயே தள்ளுற."

"ஆமாப்பா."

"அப்பன்னா போ. போயி நல்லாப் பாத்து எடு. ஏர்போர்ட்டுக்கு நானும் வர்றேன்."

இப்போது மைத்துனனின் கீழ் வேலை பழகும் ஆட்கள் இருக்கிறார்கள். மாமனாருக்கு டாக்டர் புகையை அடியோடு நிறுத்திவிட்டார். இருந்தும் மகன் விடுமுறையில் வருகிற முதல் சாயங்காலம், யாரும் சொல்லாமலே நாற்காலி வாய்க்கால் பக்கம் திரும்பிவிடுகிறது. மகன் எதிரில் புகைத்ததை இதுவரை தாம் பார்த்ததில்லை என்று அவரால் பூசைக்குப் போகிற வழியில்கூடச் சத்தியம் செய்ய முடியும். என் மகன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். வீட்டில் சில நாள் கிராம்பு வாசம் வருகிறது. நானும் நாற்காலிகளின் கனத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு மாமனார் கடைசிவரை திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே, ஒரு கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டி, இரண்டு விரலை விரித்துக் காட்டினார்.

"கொண்டா. கொறய நானும் பாக்குறேன்."